அண்மை விளி, சேய்மை விளி: விளம்பரச் சத்தம் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழில் தொலைக்காட்சியைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் பெரும்பகுதி பிம்பத்தைப் பற்றியவை. பெண் எப்படிக் காட்டப்படுகிறாள், எந்தச் சாதியின் வீடு 'நம்ம வீடு' ஆகிறது, எந்தத் தலைவரின் முகம் எத்தனை முறை வருகிறது என்கிற கேள்விகள். அவசியமான கேள்விகள்தாம். ஆனால் நம் வீடுகளில் தொலைக்காட்சி பார்க்கப்படும் அளவுக்குக் கேட்கவும் படுகிறது. பல பேருக்கு அது கேட்க மட்டுமே கிடைக்கிறது. அடுப்படியில் நிற்கிறவருக்கும், திண்ணையில் படுத்துக்கிடக்கிற கிழவருக்கும், பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அது படம் இல்லாத பெட்டி. நம் விமர்சனத்துக்குக் கண் இருந்த அளவு காது இருக்கவில்லை.

இரண்டு சாதாரண வாக்கியங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று: "விளம்பரம் வந்துருச்சு, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறைங்களேன்." இன்னொன்று: "கேபிளே போதுமா, டிஷ் மாட்டிரலாமா?" முதலாவது காதைப் பற்றியது. இரண்டாவது கம்பியைப் பற்றியது. கடந்த முப்பது ஆண்டுகளில் இரண்டாவது வாக்கியத்தைச் சுற்றிச் சட்டங்கள் வந்தன, வழக்குகள் நடந்தன, ஓர் அரசு நிறுவனமே தொடங்கப்பட்டது. முதல் வாக்கியத்துக்குக் கிடைத்தது ஒரு விதியில் ஒரு சொல். ஏன் இப்படி ஆயிற்று என்பதே நான் இங்கே கேட்க விரும்புவது.

2

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் நான்காம் இயல் விளிமரபு. எட்டாம் வேற்றுமையாகிய விளியைப் பேசுவது. முதுகலை வகுப்பில் ஈறுகளின் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிற இயல். அதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. அருகில் இருப்பவரை அழைக்கும்போது சில பெயர்கள் திரியாமல் இயல்பாகவே நிற்கும். தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது ஓசை தன் மாத்திரையைக் கடந்து நீளும். ஒரு பெயர் எவ்வளவு ஒலிக்கவேண்டும் என்பதை அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் நடுவே கிடக்கிற தூரம் தீர்மானிக்கிறது.

அல்தூஸர் 1970இல் எழுதிய கருத்தியல் குறித்த கட்டுரையில் வருகிற 'விளித்தல்' சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பழகிய கருத்தாக்கம். தெருவில் போலீஸ்காரர் 'ஏய், உன்னத்தான்' என்கிறார். திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே தன்னிலை ஆகிவிடுகிறான். அந்தக் குரல் எத்தனை உரக்க இருக்கவேண்டும் என்பது அல்தூஸருக்கு ஒரு பிரச்சினையாகப் படவில்லை. நமக்குப் படவேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவனிடம் யாரும் கத்த வேண்டியதில்லை. போய்க்கொண்டிருக்கிறவனைத்தான் கத்திக் கூப்பிடவேண்டும்.

விளம்பரம் எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவரைச் சேய்மை விளியில் கூப்பிடுகிறது என்பதுதான் நம் காதுக்கு உறுத்துகிறது. ஆனால் அது கூப்பிடுவது உட்கார்ந்திருப்பவரையா? எழுந்து போய்விட்டவரை என்று வைத்துக்கொண்டால், அந்தச் சத்தத்தின் தர்க்கம் பிடிபடத் தொடங்குகிறது.

3

எழுந்து போவதற்கும் ஒரு வரலாறு உண்டு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. தூர்தர்ஷன் 1976 ஜனவரியிலிருந்து வணிக விளம்பரங்களை ஏற்றது. தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டிகள் இருந்த காலம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அடுத்த வீட்டுக் கூடத்தில் இடம்பிடித்து உட்கார்ந்தவர்கள் எனக்கு முந்தைய தலைமுறை. அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: விளம்பரத்தின்போது யாரும் எழுந்துபோகவில்லை. எழுந்தால் இடம் போய்விடும். எழுந்துபோய்ப் பார்க்க வேறு சேனலும் கிடையாது. விளம்பரங்கள் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் கொத்தாக வந்தன. அதையும் நிகழ்ச்சியைப் போலவே பார்த்தார்கள். அழைக்கப்படுபவர் எதிரிலேயே இருந்தார். அண்மை விளி போதுமானதாக இருந்தது.

1991இல் வளைகுடாப் போரும் அதைத் தொடர்ந்து ஸ்டார் தொலைக்காட்சியும் செயற்கைக்கோள் அலைவரிசைகளை நம் மொட்டைமாடிகளுக்குக் கொண்டுவந்தன. அதுவரை வீடியோ கேசட்டைப் போட்டுத் தெருவுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்த கேபிள்காரர் ஒரு பெரிய குடையை வாங்கி வைத்தார். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. பின்னாலேயே ராஜ், விஜய், 1999இல் ஜெயா. ரிமோட் வீட்டுக்குள் வந்தது. 'சிறிய இடைவேளைக்குப் பிறகு' என்ற தொடர் தமிழ்ப் பேச்சில் புகுந்தது.

சினிமாக் கொட்டகையிலும் இடைவேளை உண்டு. அங்கே முறுக்கும் டீயும் வாங்க வெளியே போனவரைத் திரும்ப அழைக்க மணி அடிப்பார்கள். தொலைக்காட்சியின் இடைவேளையில் மணியும் விளம்பரம்தான், முறுக்கும் விளம்பரம்தான்.

1999 இறுதியில் தொடங்கிய 'சித்தி' போன்ற நெடுந்தொடர்கள் இரவு நேரத்தைப் பெண்களின் நேரமாக வகுத்தன என்று எழுதுகிறோம். அந்த நேரத்தில் நம் வீட்டுப் பெண்கள் எங்கே இருந்தார்கள்? தோசைக்கல்லுக்கு முன்னால். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில் என் அம்மா தொடர்களைக் காதால்தான் பின்தொடர்ந்தார். மாமியார் குரலும் மருமகள் குரலும் தெரியும். முகம் ஞாயிற்றுக்கிழமை மறு ஒளிபரப்பில்தான். மசாலாப் பொடியும் சலவைத்தூளும் நகைக்கடையும் யாரை அழைக்கின்றனவோ அவர் கூடத்தில் இல்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் சுவர்தான் விளம்பரச் சத்தத்தின் உண்மையான அளவுகோல்.

கனடாவின் டல்லஸ் ஸ்மைத் 1977இல் ஒரு கேள்வி கேட்டார்: வணிக ஒலிபரப்பு உற்பத்தி செய்கிற சரக்கு எது? நிகழ்ச்சியும் இல்லை, செய்தியும் இல்லை, பார்வையாளர்களே அந்தச் சரக்கு என்பது அவர் பதில். சேனல் நம்மை விளைவித்து விளம்பரதாரருக்கு விற்கிறது. இதை ஏற்றுக்கொண்டால், இடைவேளையில் எழுந்துபோகிறவர் விற்ற பிறகு கடையிலிருந்து காணாமல்போகிற சரக்கு. சத்தம், காணாமல்போன சரக்கைத் தேடிப்போகிற குரல்.

தமிழ்நாட்டில் இந்த உற்பத்திச் செலவில் அரசும் பங்கேற்றது. 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி விநியோகம் தொடங்கியது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. இரண்டும் இரு எதிரெதிர் ஆட்சிகளின் திட்டங்கள். இரண்டையும் ஏழைகளின் பொழுதுபோக்கு உரிமை என்று நியாயப்படுத்த முடியும், நானும் அதை மறுக்கமாட்டேன். ஆனால் பெட்டியும் இணைப்பும் போய்ச்சேர்ந்த ஒவ்வொரு வீடும் விளம்பரதாரருக்கு எண்ணிக் கொடுக்கக்கூடிய வீடாகவும் ஆயிற்று.

4

"விளம்பரம் வந்தா மட்டும் சத்தத்தக் கூட்டி வுடுறானுங்க" என்பது பொது அபிப்பிராயம். யாரோ ஒருவர் ஒரு திருகைத் திருகுவதுபோல. நடப்பது கொஞ்சம் வேறு.

ஒலிபரப்பில் ஒலிச்சைகைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஒலி சிதறும். விளம்பரம் அந்த உச்சத்தை மீறுவதில்லை. நாடகத்தில் ஓர் அலறல் அந்த உச்சம் வரை போய்வரும், மற்ற நேரமெல்லாம் பேச்சு, பெருமூச்சு, மௌனம். விளம்பரத்தில் கம்ப்ரஷன் என்ற முறையால் மெல்லிய ஒலிகளையெல்லாம் தூக்கி உச்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கூரையை உடைக்கவில்லை, தரையை உயர்த்திவிட்டார்கள். கூடவே, மனிதக் காது எந்த அதிர்வெண்களில் கூர்மையாக இருக்கிறதோ, ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை, அந்தப் பகுதியைத் தூக்கலாக வைக்கிறார்கள். குழந்தையின் அழுகை நம்மை உலுக்குவதும் அந்தப் பகுதியின் பலத்தால்தான். முப்பது விநாடியில் மூச்சு விடுகிற இடமே கிடையாது. உச்சத்தை மட்டும் காட்டுகிற மீட்டரில் நாடகமும் விளம்பரமும் ஒரே அளவு. காதுக்கு அப்படி இல்லை.

ஆகவே 'விதியை மீறவில்லை' என்று சேனல் சொல்வதும், 'காது கிழிகிறது' என்று வீடு சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மை. இந்த இடைவெளியை அளக்க ஒரு முறை நெடுநாள் இருக்கவில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல்தான் காது உணர்கிற உரப்பைச் சராசரியாகக் கணக்கிடும் முறையை வெளியிட்டது. அமெரிக்காவில் 2010 டிசம்பரில் 'அமைதி' என்று பொருள்படும்படி பெயரிட்ட ஒரு சட்டம் கையெழுத்தானது. விளம்பரத்தின் சராசரி உரப்பு அது இடம்பெறும் நிகழ்ச்சியைவிட அதிகமாக இருக்கக்கூடாது என்றது. 2012 டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அங்கே அதன்பிறகு புகார்களே இல்லை என்று அர்த்தமில்லை. புகாரைச் சோதிக்க ஓர் எண் கிடைத்தது, அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு விஷயமும் நடந்தது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சியை 'பாய்வு' என்று விவரித்தார்: நிகழ்ச்சி, விளம்பரம், அடுத்த நிகழ்ச்சிக்கான அறிவிப்பு எல்லாம் தனித்தனித் துண்டுகளாக இல்லாமல் ஒரே ஓட்டமாக அனுபவிக்கப்படுகின்றன. அந்த ஓட்டத்தில் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஒட்டும். நம் தொடர்களில் ஒருவர் திரும்பிப் பார்ப்பதற்கு மூன்று முறை இடி இடிக்கிறது. செய்தி விவாதத்தில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். விளம்பரம் உயர்த்திய தரையில் நிகழ்ச்சிகளும் ஏறி நின்றுகொண்டன. இன்றைக்குச் சில சேனல்களில் விளம்பரம் வந்தது தெரியாமலே போவது இதனால்தான். தீர்வு வந்துவிட்டதாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

5

இனி இரண்டாம் வாக்கியம். கேபிளா, டிஷ்ஷா?

இந்தக் கேள்வியே நம்மிடம் தாமதமாகத்தான் வந்தது. வீட்டுக்கு நேரடியாக வரும் கே.யூ. அலைவரிசைச் சேவைக்கு 1997இல் மைய அரசு தடை போட்டது; 2000 நவம்பரில் அனுமதித்தது. 2003இல் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவை, 2006இல் டாடா ஸ்கை (இப்போது அதன் பெயர் டாடா பிளே), பிறகு சன் டைரக்ட். இதற்கு நடுவே 2003 செப்டம்பர் 1இல் சென்னையில் நிபந்தனை அணுகல் முறை வந்தது. பெட்டி இல்லாமல் கிடைக்கும் இலவச சேனல்களுக்கு மாதம் 72 ரூபாய், வரி தனி. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் பெட்டி வாங்கவேண்டும். நான்கு பெருநகரங்களில் அப்போது சென்னையில் மட்டும்தான் அது நடைமுறைக்கு வந்தது. பெட்டி வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எதைப் பார்த்து மக்கள் முடிவு செய்தார்கள்? மழை பெய்தால் டிஷ் போய்விடும், கே.யூ. அலையைக் கனமழை விழுங்கும். புயல் அடித்தால் கேபிள் போய்விடும், 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் மரத்தோடு கம்பியையும் சாய்த்தது. டிஷ் மாட்ட மொட்டைமாடியில் துளை போடவேண்டும், வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் கேட்கவேண்டும். சில வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்கவே தயங்குவார்கள். கேபிள் என்றால் உள்ளூர் சேனல் கிடைக்கும்: ஜவுளிக்கடை, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நேரலை. டிஷ் என்றால் முன்பணம், கேபிள் என்றால் மாதக் கடைசியில் வாசலில் வந்து நிற்கிற ஆள்.

அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பழைய அனலாக் கேபிளில் ஒவ்வொரு சேனலுக்கும் கண்ட்ரோல் ரூமில் ஒரு மாடுலேட்டர் இருந்தது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு கேபிள்காரரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ஒரு சேனல் முனகுவதும் அடுத்தது அலறுவதும் பல சமயம் அவர் கைங்கரியம். "அண்ணே, அந்தப் பாட்டுச் சேனல்ல சத்தம் ரொம்ப வருதுண்ணே" என்று சொன்னால், மனசு வைத்தால், சாயங்காலத்துக்குள் சரியாகும். அவர் வார்டுக் கட்சிக்காரராகவும் இருப்பார், இணைப்பைத் துண்டிக்கிற அதிகாரமும் அவரிடம் இருந்தது. அந்த உறவை இலட்சியமாக்க நான் தயாரில்லை. ஆனாலும் புகாருக்கு ஒரு முகம் இருந்தது. டிஜிட்டலுக்கு மாறிய பிறகு என் வீட்டில் ஒரு டிஷ் நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்து, விளம்பரம் மட்டும் உரக்க வருகிறது என்று சொன்னேன். எதிர்முனைப் பெண் மரியாதையாகக் கேட்டார்: "சார், எந்த சேனல் வரலைங்க சார்?" சேனல் வராதது ஒரு புகார். காது வலிப்பதற்கு அவர் முன்னால் இருந்த திரையில் பொத்தான் இல்லை.

இதுதான் இந்தத் தெரிவின் அமைப்பு. சேனல் தரும் ஒலியைக் கேபிளும் டிஷ்ஷும் சுமந்துவருகின்றன. அதன் உரப்பு தயாரிப்பிலேயே உறைந்துவிட்டது. கம்பியை மாற்றினாலும் குரல் அதேதான். சென்னையில் பல வீடுகளில் கம்பியை மாற்றுவதுகூட முழு மாற்றமாக இல்லை. சுமங்கலி கேபிளும் சன் டைரக்டும் சன் சேனல்களும் ஒரே குழுமத்தின் பெயர்கள். ஒரு வாசலை விட்டு இன்னொரு வாசல் வழியாக அதே வீட்டுக்குள் போனோம்.

2019 பிப்ரவரி முதல் ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை வந்தது: 100 சேனல்களுக்கு 130 ரூபாய், 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு, அதற்குமேல் கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகவோ தொகுப்பாகவோ தேர்ந்தெடுக்கலாம். 'நீங்கள் பார்ப்பதற்கு மட்டும் கட்டணம்' என்ற சொல்லாடல் அதன் முழு வடிவத்தை எட்டியது அப்போதுதான். படிவத்தில் சேனலின் பெயர் இருந்தது, விலை இருந்தது. காசு கட்டிய சேனலிலும் விளம்பரம் எதற்கு என்று கேட்க அதில் கட்டம் இல்லை. நுகர்வோர் என்ற தன்னிலைக்குக் கண்ணும் பணப்பையும் மட்டும் வைத்துப் படைத்தார்கள்.

6

சட்டம் காதைப் பற்றிப் பேசவே இல்லை என்று சொல்லமுடியாது. கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994இல் ஏழாம் விதி விளம்பர நெறி. விளம்பரத்தின் காட்சியும் ஒலியும் மிதமிஞ்சி 'லவுட்' ஆக இருக்கக்கூடாது என்று அதில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. காட்சியையும் சேர்த்து லவுட் என்கிறார்கள். அப்படியென்றால் அந்தச் சொல் ஒலியின் அளவா, ரசனையின் அளவா? எவ்வளவு என்றால் மிதமிஞ்சியது? விதியில் எண் கிடையாது. அதே விதி விளம்பர நேரத்தைச் சொல்லும்போது கறாராக எண்ணுகிறது: மணிக்கு 12 நிமிடம், அதில் வணிக விளம்பரம் 10, சேனலின் சுய அறிமுகம் 2.

2012 மே மாதம் ஒழுங்குமுறை ஆணையம் விளம்பர நேரம் குறித்துக் கொண்டுவந்த ஒழுங்குமுறையில், விளம்பரத்தின் ஒலி நிகழ்ச்சியின் ஒலியைவிட அதிகமாக இருக்கக்கூடாது என்பதும் இருந்தது. சேனல்கள் எதிர்த்தன. 2013 மார்ச் திருத்தத்தில் நிமிடக் கணக்கு மட்டும் தங்கியது, ஒலி உதிர்ந்துவிட்டது. நிமிடக் கணக்கும் அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், நடவடிக்கை எடுக்கமுடியாத நிலையில் நின்றது. நிமிடம் விற்கப்படுகிற பொருள், ஆகவே அதற்காக வழக்காட ஆட்கள் இருந்தார்கள். சத்தத்துக்காக யாரும் நீதிமன்றப் படி ஏறவில்லை; அதைத் தாங்கிக்கொண்டிருந்தவர் அடுப்படியில் இருந்தார்.

தெருச் சத்தத்தை இதே அரசு எப்படி அளந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒலிமாசு விதிகள், 2000: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. கோயில் கொடையின் குழாய் ஒலிபெருக்கி, தெருமுனைக் கூட்டத்தின் மைக், கல்யாண வீட்டு ரேடியோ செட் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. அவை கூட்டத்தின் சத்தங்கள். அந்த விதிகள் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து கத்துகிற சத்தம் 'தனிப்பட்ட தெரிவு' என்று வகைப்படுத்தப்பட்டது. பிடிக்காவிட்டால் குறைத்துக்கொள், ரிமோட் உன் கையில்தானே? ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது நம் வீடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். மாவுக்கையோடு நிற்கிறவர் கையில் இல்லை.

உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. ஒலிபரப்பில் அரசின் ஏகபோகத்தை உடைத்த தீர்ப்பாக அதை நினைவுகூர்கிறோம். அந்த வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிப் படிக்கவேண்டும். அலை பொதுச்சொத்து என்றால், அது வந்து முடிகிற இடமாகிய காதின் மேலும் பொதுவான ஒரு பொறுப்பு இருக்கிறது.

இன்று கேபிளையும் டிஷ்ஷையும் விட்டுவிட்டு இணையத்துக்குப் போகிறவர்கள் பெருகிவருகிறார்கள். கம்பி மூன்றாவது தடவை மாறுகிறது. கைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரின் காதுக்கருவிக்குள் விளம்பரம் வந்து கத்தும்போது, அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் நடுவில் அரை அங்குலம்கூட இல்லை. அப்போதும் சேய்மை விளிதான். தூரம் இல்லாத இடத்தில் தூரத்து அழைப்பைப் பயன்படுத்துகிறவர் யார், எந்த உரிமையில் என்பதைக் கம்பியைப் பற்றிய விவாதத்தால் ஒருபோதும் கேட்கமுடியாது.

கேட்கவேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். 'லவுட்' என்ற அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண். அளக்கும் முறை உலகத்தில் இருக்கிறது. மாத்திரை எவ்வளவு என்று கேட்ட மாணவனுக்குக் கண்ணிமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் என்று அளந்து சொன்ன இலக்கணம் நம்முடையது. ஓசைக்கு அளவு கேட்பது நமக்குப் புதிது அல்ல.